பாகூர் பக்கம் நடக்கும் நுண்ணுயிர் மீன் வளர்ப்புப் பயிற்சி: காசு கட்டிப் போகலாமா?

போகலாம். மீன் வளர்க்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கண்டிப்பாகப் போகலாம். ஏற்கெனவே தார்ப்பாய்த் தொட்டி போட்டுவிட்டு மீன் ஏன் மேலே வந்து வாயைத் திறக்கிறது என்று புரியாமல் நிற்பவர்கள் அவர்களுக்கும் முன்னால் போக வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்த கையோடு கடன் வாங்கித் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு அங்கே சொல்லாமல் விட்ட விஷயங்கள் சில இருக்கின்றன. அதையும் சேர்த்து எழுதுகிறேன். குறைகளும் சொல்லப் போவதால் மையத்தின் பெயரைப் போடவில்லை, கடலூரிலிருந்து பாகூர் வழியாகப் போகிற சாலையில் இருக்கிறது என்பது போதும். வேறு எங்காவது பணம் கட்டப் போகிறவர்களும் இதை வைத்து நாலு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டுக் கட்டலாம்.

எங்கள் கதை சுருக்கமாக: ஆலப்பாக்கம் பக்கம் மச்சானுக்குச் சவுக்கு வெட்டிய நிலம் கொஞ்சம் சும்மா கிடக்கிறது. போர்த் தண்ணீர் லேசாகக் கரிக்கும். குளம் வெட்டினால் மணல் பூமியில் தண்ணீர் நிற்காது. அதனால் பயோஃப்ளாக் தொட்டி, அதாவது அதிகம் தண்ணீர் மாற்றாமல் நுண்ணுயிரை வைத்து மீன் வளர்க்கும் தொட்டி போடலாம் என்ற பேச்சு வீட்டில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. யூடியூபில் பார்த்தால் ஒரு தொட்டிக்கு இவ்வளவு டன், மாதம் இவ்வளவு லட்சம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஆனால் ஊருக்குள் நடந்து பார்த்தால் நீலத் தார்ப்பாய்த் தொட்டிகள் பல, உள்ளே மழைத் தண்ணீரும் சருகுமாகக் காலியாகக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நானும் மச்சானும் சேர்ந்து போனோம். கட்டணம் ஆளுக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே, மதியச் சாப்பாடும் அதில் அடக்கம்.

இந்தப் பயிற்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் தொடங்கிய விதம். திரையில் படம் போட்டு நீலப் புரட்சி, வாய்ப்புகள் என்று எதுவும் ஆரம்பிக்கவில்லை. நேராகக் கொட்டகைக்குக் கூட்டிப் போய் மூன்று தொட்டிகளைக் காட்டி, இதில் எந்தத் தண்ணீரில் உங்கள் மீனை விடுவீர்கள் என்று கேட்டார்கள். ஒன்று கண்ணாடி மாதிரி தெளிவு, அடியில் மீன் நீந்துவது தெரிகிறது. இன்னொன்று பச்சை. மூன்றாவது பழுப்பு, கலங்கல், மேலே நுரை வேறு. வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தெளிந்த தண்ணீரைக் கைகாட்டினார்கள். அப்புறம் சோதனைக் குழாய்களைக் கையில் கொடுத்து எங்களையே அம்மோனியா பார்க்கச் சொன்னார்கள். குழாயில் அளவுக் கோடு வரை தண்ணீர், முதல் பாட்டிலிலிருந்து சொட்டு, குலுக்கல், அடுத்த பாட்டிலிலிருந்து சொட்டு, மறுபடி குலுக்கல், கொஞ்ச நேரம் காத்திருப்பு. பழுப்புத் தண்ணீர் வெளிர் மஞ்சளாகவே நின்றது. தெளிந்த தண்ணீர் எங்கள் கண் முன்னாலேயே மெல்ல மெல்லப் பச்சையாகி, ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையில் கடைசிக் கட்டம் வரைக்கும் இருண்டுவிட்டது.

பக்கத்தில் நின்ற வில்லியனூர் அக்கா, மகளிர் குழுவிலிருந்து வந்தவர், “என்ன மேடம், நல்லா சுத்தமாத்தானே இருக்கு?” என்று கேட்டார். பயிற்சி கொடுத்த மேடம், “மீன் அம்மோனியாவைச் செவுள் வழியாத்தான் வெளியே விடுதுக்கா, அதுக்கு நிறமே கிடையாது. இந்தத் தொட்டியில நேத்துத்தான் தீவனம் கூடப் போட்டோம். அந்தப் பழுப்புத் தொட்டியில அதைத் தின்ன ஆள் இருக்கு, இதுல இல்லை” என்றார். அந்த ஒரு பதிலில் பயோஃப்ளாக் என்றால் என்ன என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது, எங்களுக்கும்தான்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். வழக்கமான வளர்ப்பில், போடுகிற தீவனப் புரதத்தில் சுமார் நாலில் ஒரு பங்குதான் மீன் உடம்பில் ஏறுகிறது. மிச்சம் தண்ணீரில் போய்ச் சேர்ந்து பெரும்பாலும் அம்மோனியா ஆகிறது. குளத்தில் தண்ணீர் மாற்றி அதை வெளியே தள்ளுகிறோம், அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கோ ஆற்றுக்கோ போகிறது. பயோஃப்ளாக்கில் வெளியே தள்ளுவதற்குப் பதில் வெல்லம் மாதிரி ஒரு மாவுச்சத்தை, அதாவது கார்பனைக் கொடுத்துப் பாக்டீரியாவைப் பெருக்குகிறோம். அது அம்மோனியாவை எடுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது, அந்தப் பாக்டீரியா திரளை, அதாவது ஃப்ளாக்கை, மீன் திரும்பவும் தின்கிறது. உலர்ந்த ஃப்ளாக்கில் நூற்றுக்கு 25 முதல் 50 வரை புரதம் இருக்கும் என்பதால் தீவனச் செலவும் கொஞ்சம் மிச்சம். 1970-களில் தாஹிட்டித் தீவில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இறாலை வைத்துத் தொடங்கியது, பிறகு இஸ்ரேலில் அவ்னிமெலெக் என்ற பேராசிரியர் கணக்கோடு நிறுவிக் காட்டியது. இதைச் சொல்லிவிட்டு வரலாற்றிலேயே நின்றுவிடாமல் உடனே தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார்கள்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுவிடுகிறேன், யாருக்காவது உதவும். 30 சதவீதப் புரதம் உள்ள தீவனம் ஒரு கிலோ போடுகிறோம் என்றால் அதில் புரதம் 300 கிராம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 48 கிராம். அதில் பாதி அம்மோனியாவாகத் தண்ணீருக்கு வரும் என்று வைத்தால் 24 கிராம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனைப் பாக்டீரியா எடுத்துக்கொள்ளச் சுமார் 20 கிராம் மாவுச்சத்து வேண்டும். 24 பெருக்கல் 20, 480 கிராம். அதாவது கிலோ தீவனத்துக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ வெல்லம்! மச்சான் உடனே மாதத்துக்கு எத்தனை மூட்டை வெல்லம் என்று கணக்குப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். யூடியூபில் யாருமே இந்தச் செலவைச் சொல்வதில்லை. மேடம் சொன்ன ஆறுதல், தொட்டி பழகப் பழக அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேறு வகைப் பாக்டீரியாவும் மெதுவாகக் குடியேறும், அப்புறம் வெல்லத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம் என்பது. ஆனால் எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதைச் சோதனைக் குழாய்தான் சொல்லும், காலண்டர் சொல்லாது.

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருக்கும்போது எதற்கு வெல்லம், ஆலைக் கழிவுப்பாகு வாங்கலாமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மொலாசஸ் சாராயம் காய்ச்சவும் உதவும் என்பதால் அரசுக் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள், நினைத்த மாத்திரத்தில் கேனில் பிடித்து வர முடியாது என்று பொறுமையாக விளக்கினார்கள். விலை குறைந்த கறுப்பு வெல்லம், அரிசித் தவிடு, மரவள்ளி மாவு எல்லாம் போடலாம், ஆனால் வெல்லம் உடனே வேலை செய்யும், தவிடு மெதுவாகச் செய்யும். எதைப் போட்டாலும் காலையில் போட வேண்டும். பாக்டீரியா அதைத் தின்னும்போது ஆக்ஸிஜனையும் சேர்த்துத் தின்பதால் இரவில் போட்டால் விடிகிற நேரத்தில் மீன் மூச்சுக்குத் திணறும். இப்படி ஏன், எதற்கு என்று காரணத்தோடு சொல்கிற வகுப்பு அமைவது சாதாரண விஷயமில்லை.

பிஎச், அதாவது தண்ணீரின் அமில, கார அளவு பற்றிச் சொன்னதும் அப்படித்தான். அம்மோனியா எல்லாம் ஒரே அளவு விஷம் இல்லை, தண்ணீர் எவ்வளவு காரமாக இருக்கிறதோ அவ்வளவு விஷம். நம் ஊர்ச் சூட்டில், 30 டிகிரித் தண்ணீரில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும். 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 என்றால் கிட்டத்தட்டப் பாதி. பாசி நிறைந்த பச்சைக் குளத்தில் மதியம் பிஎச் ஏறும். அதனால் காலையில் மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று போய்ப் படுத்தவர் சாயந்திரம் வந்து செத்த மீனை அள்ளுவது நடக்கிறது. கிள்ளையிலிருந்து வந்திருந்த இறால் பண்ணை அண்ணன் ஒருவர் இதைக் கேட்டு ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் வழியில் உண்டாகும் நைட்ரைட்டுக்கு உப்பு போடுவதும் சொன்னார்கள். நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போனால் மீன் ரத்தம் பழுப்பாகி ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும். உப்பிலிருக்கும் குளோரைடு அதை உள்ளே விடாமல் தடுக்கும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு என்று தொடங்கலாம், மரக்காணம் உப்பே போதும், அயோடின் சேர்த்த பொடி உப்பு வேண்டாம். எங்கள் தண்ணீர் ஏற்கெனவே கரிக்கிறதே, அதற்கு எவ்வளவு என்று மச்சான் கேட்டபோது மட்டும் பதில் கொஞ்சம் இழுத்தது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பாடம் முழுக்க நல்ல தண்ணீரை மனதில் வைத்து எழுதியது என்பது அங்கே தெரிந்தது. கடலூர், புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் நடத்துகிற பயிற்சியில் உவர்நீருக்கு ஒரு முழு வகுப்பு இருக்க வேண்டாமா? கொடுவா, மடவை, பால்மீன் என்று உவர்நீரில் வளர்கிற மீன்கள் இருக்கும்போது, ஜிலேபி கெண்டை என்கிற திலேப்பியாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது எனக்கு ஏமாற்றம்தான்.

நுண்ணோக்கி வைத்திருந்தார்கள், அது பெரிய விஷயம். கூம்பு மாதிரி அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில், இம்ஹாஃப் கோன் என்கிறார்கள், ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் பழுப்புத் திரள் கீழே படிகிறது. திலேப்பியாவுக்கு 25 முதல் 50 மில்லி வரை, இறாலுக்கு 10 முதல் 15 மில்லி வரை இருந்தால் நல்லது, அதற்கு மேல் போனால் கசடு எடுக்க வேண்டும். கீழே படிந்ததில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார்கள். பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி ஒரு திரள். அதன் ஓரத்தில் மணி வடிவத்தில் தண்டு வைத்த ஓர் உயிர், சட்டென்று சுருள்கிறது, மெல்ல விரிகிறது, மறுபடி சுருள்கிறது. இன்னொன்று வாயில் இரண்டு சக்கரம் சுற்றுவது போல முடி அசைத்துக்கொண்டு திரளை மேய்கிறது, அது ரோட்டிஃபர். இடையில் நூல் புழு ஒன்று நெளிந்துகொண்டு போகிறது. வில்லியனூர் அக்கா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை, பின்னால் வரிசையில் நின்றவர்கள் “அக்கா, எங்களுக்கும் காட்டுங்க” என்று கேட்க வேண்டியதாயிற்று. நுண்ணுயிர் என்று பொடிப் பாக்கெட்டில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது உயிர், அதற்கும் மூச்சும் சோறும் வேண்டும் என்று புரிய இந்தக் காட்சியை விட நல்ல பாடம் கிடையாது.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. விவசாயி தன் கையால் செய்து கற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படையே. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இப்படிப்பட்ட வட்டாரத்தில் நடக்கிற மீன் பயிற்சியை இந்த அளவுகோலில்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து: எத்தனை நேரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள், எத்தனை நேரம் தண்ணீரில் கை வைக்க விட்டார்கள். இவர்கள் முதல் நாள் முழுக்கக் கை வைக்க விட்டார்கள். அந்த விஷயத்தில் முழு மதிப்பெண்.

இனி கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு மேசை போட்டு ஒருவர் புரோபயாட்டிக் பொடி, அதாவது நல்லது செய்யும் நுண்ணுயிர் என்று சொல்கிற பொடி, விற்றார். பளபளப்பான பாக்கெட், மேலே துள்ளுகிற மீன் படம், அம்மோனியா போகும், நோய் வராது, எடை ஏறும் என்று எழுதியிருக்கிறது. திருப்பிப் பார்த்தேன். எந்தப் பாக்டீரியா என்று இல்லை, ஒரு கிராமில் எத்தனை உயிர் அலகு என்று இல்லை, காலாவதித் தேதி அழிந்திருக்கிறது. வெயிலில் மேசை மேல் வைத்திருக்கிறார்கள். உள்ளே வகுப்பில் மேடம் சொன்னது என்ன? பாக்கெட் வாங்கினால் பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்று பெயர் பார்த்து வாங்குங்கள், எண்ணிக்கை பார்த்து வாங்குங்கள், தேதி பார்த்து வாங்குங்கள், இவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள் என்றுதான். உள்ளே ஒன்று சொல்லிவிட்டு வெளியே அதற்கு நேர் மாறான சரக்கை விற்க இடம் கொடுப்பது சரியில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் பயிற்சி மையமே சிபாரிசு செய்கிறது என்று நம்பி வாங்கிப் போனார்கள். நிர்வாகத்திடம் நேரிலும் சொன்னேன், கருத்துப் படிவத்திலும் எழுதினேன். அடுத்த முறை அந்த மேசை இருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிள்ளை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் இறால் போட்டவர்களைக் கேட்டால் தெரியும். 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து டைகர் இறால் குட்டை குட்டையாகச் செத்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, இறால் பண்ணைகளால் விளைநிலமும் குடிநீரும் கெட்டதைப் பற்றிய வழக்கு அது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம், 2009-லிருந்து வனாமி என்ற வேறு வகை இறால். இந்தக் காலம் முழுக்கப் பயந்துபோன விவசாயியிடம் ஏதாவது ஒரு டப்பாவை யாராவது விற்றுக்கொண்டே இருந்தார்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் மாதிரி மருந்துகளைப் போட்டு, அதன் தடயம் இறாலில் இருக்கிறது என்று ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு, இப்போது அவற்றுக்குத் தடை. ஆண்டிபயாட்டிக்குக்கு மாற்று என்ற பெயரில் நுண்ணுயிர் வரும்போது அதுவும் இன்னொரு டப்பாவாக ஆகிவிட்டால் ஆராய்ச்சி செய்தவர்கள் உழைப்பு எல்லாம் வீண். வெள்ளைப்புள்ளிக்கு எந்தப் புரோபயாட்டிக்கும் மருந்து கிடையாது என்பதை மேடம் ஒளிக்காமல் சொன்னார், அதற்கு அவருக்கு நன்றி.

கிள்ளை அண்ணன் சொன்னதையும் இங்கே சேர்க்க வேண்டும், ஏனென்றால் மதிய இடைவேளையில் அவரிடம் கற்றது வகுப்பில் கற்றதற்குக் குறைந்ததில்லை. அவர் தவிடு, வெல்லம், ஈஸ்ட் கலந்து டிரம்மில் புளிக்க வைத்துக் குட்டையில் ஊற்றுகிறார், அதற்கு அவர்கள் பக்கம் ஜூஸ் என்று பெயர். சில நாளைக்கு ஒரு முறை தண்ணீரையும் இறாலையும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாவின் எண்ணிக்கை பார்க்கிறார். அதை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் தட்டில் மஞ்சள் புள்ளியும் பச்சைப் புள்ளியுமாக முளைக்கும், பச்சை கூடினால் அவருக்குத் தூக்கம் போய்விடும். “தம்பி, பவுடரு யார் வேணா போடலாம். போட்டதுக்கப்புறம் பச்சை குறைஞ்சுதான்னு பாக்கணும்ல, அதுக்குத்தான் ஒருத்தனும் ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி லேபுக்குப் போக மாட்றான்” என்றார். இவரையே ஒரு மணி நேரம் பேச விட்டிருக்கலாம் அந்த மையம். பண்ணை வைத்திருப்பவர்களைப் பாடம் எடுக்கக் கூப்பிடுங்கள் என்று அதையும் படிவத்தில் எழுதினேன்.

அடுத்த குறை மின்சாரம். இரண்டாம் நாள் சாயந்திரம் கடைசியில் அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! ஃப்ளாக் தொட்டியில் மீன் மட்டும் மூச்சு விடவில்லை, மீனை விட அதிகமாகப் பாக்டீரியா மூச்சு விடுகிறது. காற்று ஊதும் ப்ளோவர் நின்றால் அடர்த்தியாக மீன் விட்ட தொட்டியில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். காற்று வசதியில்லாத குளத்துக்கு இருக்கிற அவகாசம் கூட இதற்குக் கிடையாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறிய பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்துவிட்டோமா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டி நிறைய மீன் வைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் இருக்கிறது, சமாளிக்கலாம் என்று இந்தக் கடற்கரையில் யாரும் சொல்ல முடியாது. ஜெனரேட்டர், கையிருப்பு டீசல், இரண்டாவது ப்ளோவர் எல்லாம் முதலீட்டிலேயே சேர வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் பிடித்துவிடுகிற மாதிரி குஞ்சு விடும் மாதத்தைத் திட்டமிட வேண்டும். இதை அவர்கள் சொல்லவில்லை, நாங்கள் கேட்டபோது ஆமாம் என்றார்கள்.

கரண்ட் பில்லும் அப்படித்தான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் சுமார் 18 யூனிட், மாதம் 540 யூனிட். நிறுத்தவே முடியாத மோட்டார் என்பதால் இதில் தள்ளுபடி எதுவும் கிடையாது. நாலு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது சுமார் 12,500 லிட்டர். அதில் எவ்வளவு மீன் எடுப்போம், கிலோவுக்கு வெல்லம் எவ்வளவு, தீவனம் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, குஞ்சு எவ்வளவு என்று ஒரே தாளில் வரவு செலவு போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டோம். அவர்கள் கொடுத்த மாதிரித் தாளில் கரண்டும் ஆள் கூலியும் இல்லை. மேடத்துக்கே அது சங்கடமாகத்தான் இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

விற்பனையைப் பற்றிப் பத்து நிமிடம் கூடப் பேசவில்லை. கடலூர் முதுநகரில் வஞ்சிரமும் சங்கராவும் படகிலிருந்து இறங்குகிற துறைமுகத்துக்கு அருகில் வாழ்கிறவர்கள் வளர்ப்பு மீனைச் சட்டென்று வாங்க மாட்டார்கள். ஜிலேபி கெண்டை என்றால் இன்னும் தயங்குவார்கள். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்று உள்ளே போனால் ஏரி மீன் சாப்பிட்டுப் பழகிய ஊர்கள், அங்கே உயிரோடு கொண்டுபோனால் விலை நிற்கும், விராலுக்கு எப்போதுமே தனி மரியாதை. இதையெல்லாம் நாங்கள் பேருந்தில் வரும்போது பேசிக்கொண்டோமே தவிர வகுப்பில் வரவில்லை. தொட்டி போடும் முன் வாங்குகிற ஆளைப் பிடி என்று யாராவது பலகையில் எழுதியிருக்கலாம்.

சட்ட விஷயங்களைச் சரியாகச் சொன்னார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை, யார் குஞ்சு தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள் என்பது. கிஃப்ட் என்ற ரகத் திலேப்பியா என்றால் மீன்வளத் துறை அனுமதி வாங்கிய பிறகுதான் என்பது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், 2020-ல் தொடங்கியது, ஏழு தொட்டி கொண்ட சிறு பயோஃப்ளாக் அலகுக்கு ஏழரை லட்சம் என்று மதிப்புப் போட்டுப் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்பதையும் விளக்கினார்கள். வில்லியனூர் அக்கா இதை நோட்டில் இரண்டு முறை கோடு போட்டுக் குறித்துக்கொண்டார். மானியத்துக்காகத் தொட்டி போடாதீர்கள், முதலில் ஒரே ஒரு தொட்டியில் பழகுங்கள் என்று மேடம் சொன்னது அங்கே கிடைத்த நல்ல அறிவுரைகளில் ஒன்று.

கசடு எங்கே போகும் என்பதற்கும் அரைகுறைப் பதில்தான். நிலைத்து நிற்கும் மீன் வளர்ப்பு என்று பெயர் வைத்தால் இதற்கு முழுப் பதில் வேண்டும். உப்புப் போட்ட தொட்டிக் கசடைத் தென்னங்கன்றுக்கு ஊற்றலாம் என்று போகிற போக்கில் சொன்னார்கள், தென்னை ஓரளவு உப்புத் தாங்கும், சரி. ஆனால் ஏற்கெனவே நிலத்தடி நீர் கரிக்கிற எங்கள் பக்கத்தில், மணல் பூமியில், உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் பக்கத்து வீட்டுக் கிணறு என்ன ஆகும்? சிப்காட் பக்கத்தில் தண்ணீரால் பட்ட பாட்டைப் பார்த்த மாவட்டம் இது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும், படிய வைக்கும் தொட்டி எவ்வளவு பெரிது, காய வைத்து உரமாக்குவது எப்படி என்று. நான் கேட்டபோது குறித்துக்கொண்டார்கள். அடுத்த அணிக்குச் சொல்கிறார்களா என்று விசாரித்துப் பார்ப்பேன்.

மற்றபடி சாப்பாடு நன்றாக இருந்தது, மீன் குழம்பு அங்கே பிடித்த மீனிலேயே வைத்தது, மண் வாடை துளி இல்லை. கழிவறை சுத்தம், பெண்களுக்குத் தனி. வகுப்பு முழுக்கத் தமிழில்தான், ஆனால் கையில் கொடுத்த புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், தமிழில் இரண்டே பக்கம். வில்லியனூர் அக்காவின் மகள்தான் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். இவ்வளவு தெளிவாகத் தமிழில் பாடம் எடுக்கத் தெரிந்தவர்கள் அதையே எழுதிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

பயிற்சிக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள், அது வெறும் பண்டிகை வாழ்த்துக் குழுவாக இல்லை. ஒருவர் சோதனைக் குழாயின் நிறத்தைப் படம் எடுத்துப் போட்டால் அன்றைக்கே பதில் வருகிறது. நைட்ரைட் ஏறுகிறது என்று ஒருவர் பயந்து எழுதியபோது தீவனத்தை இரண்டு நாள் நிறுத்து, இவ்வளவு உப்புப் போடு, காற்றைக் கூட்டு, நாளைக் காலையில் மறுபடி படம் போடு என்று மேடமே எழுதினார். மறுநாள் அவரே மறக்காமல் கேட்கவும் செய்தார். கட்டிய காசுக்கு இது ஒன்றே போதும் என்று கூடத் தோன்றியது.

நாங்கள் இப்போதைக்கு ஒரே ஒரு தொட்டி, மழைக்காலம் முடிந்து தையில் தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறோம், அதற்குள் உவர்நீருக்கு எந்த மீன் என்று பரங்கிப்பேட்டைப் பக்கம் விசாரிக்கிறோம். போகிறவர்கள் உங்கள் போர்த் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில், காற்று இடம் விடாமல் கழுத்து வரை நிரப்பி, அன்று காலையிலேயே பிடித்து எடுத்துக்கொண்டு போங்கள். பிஎச், காரத்தன்மை, கடினத்தன்மை, இரும்பு எல்லாம் அங்கேயே பார்த்துத் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. கணக்குப் போட ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள், அங்கே தருகிற தாள் போதாது.